மருமகளுக்கு ஏ.சி. ரூம்

அந்த வீட்டுக்கு ஏ.சி. வந்ததே அக்காவுக்காகத்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு அந்த வீட்டில் ஒருத்தருக்கும் இது ஞாபகமில்லாமல் போய்விட்டது. எனக்காவது இருக்கட்டும்.

அக்கா என்றால் என் கூடப் பிறந்தவள் இல்லை. ஒரே காம்பவுண்டில் முன்பக்க வீடு அவர்களுடையது, பின்பக்கத்து ஒற்றை அறை என்னுடையது. நடுவில் சிமெண்டு போட்ட முற்றம், துணி காயப்போடும் கம்பி, ஒரு குழாய். நான் பேக்கரியில் அடுப்படி வேலைக்குப் போகிறவள். விடியுமுன் போய், மத்தியானம் பாதி வெந்தவளாகத் திரும்புவேன். திரும்பியதும் அக்கா அறையில் போய்க் கொஞ்ச நேரம் உட்காருவேன். “வாடி, வந்து ஆறு. தொட்டா சுடுறே” என்பாள்.

அக்காவுக்கு நரம்பில் நோய். பெயர் வாயில் நுழையாது. உடம்பில் சூடு ஏறினால் போதும், இரண்டு காலும் அவள் சொல்பேச்சு கேட்காது. முழங்கால் மடங்கும், கண் மங்கும், பேச்சு குழறும். உடம்பு குளிர்ந்தால் மறுபடி எழுந்து நடப்பாள். “சூடு படாமப் பாத்துக்குங்க. தினமும் நடக்க விடுங்க. நடக்காம விட்டுட்டா அப்புறம் நடை திரும்பாது” என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால்தான் ஏ.சி. அறையோடு ஒட்டினாற்போல் பாத்ரூம். அந்த வீட்டுக்கே ஒரு பாத்ரூம்தான். கட்டிலில் இருந்து எழுந்து, பீரோவைப் பிடித்து, சுவரைத் தடவி, யார் தயவும் இல்லாமல் போய் வருவாள்.

“என் குண்டியை நானே கழுவிக்கிற வரைக்கும் நான் மகாராணிடி” என்பாள். பகட்டுக்குச் சொல்வதில்லை. அவளுக்கென்று மிச்சம் இருந்த சொத்து அது ஒன்றுதான்.

அண்ணன், அதாவது அவள் புருஷன், ஒரு குளிர்கிடங்கில் மெக்கானிக். மீன், இறைச்சி, பட்டாணி என்று மலை மலையாக உறைந்து கிடக்கும் கிடங்கு. வெயில் காலத்திலும் ஸ்வெட்டரோடு வேலைக்குப் போகிற மனுஷர். நல்லவர்தான். குடி கிடையாது, கை நீட்டுவது கிடையாது. ஆனால் எதைப் பார்த்தாலும் சரக்காகத்தான் தெரியும் அவருக்கு. கெடுகிற சரக்கு, கெடாத சரக்கு. உள்ளே வைக்க வேண்டியது, வெளியே வைத்தால் ஒன்றும் ஆகாதது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் வந்தவர்களை இப்படித்தான் பிரிப்பார் என்று அக்கா கிண்டல் செய்வாள்.

மகன் ஒருத்தன். இருபது தாண்டியவன். கம்ப்யூட்டரில் சண்டை விளையாட்டு ஆடுகிறவன். ஒரு போட்டியிலும் ஜெயிப்பதற்கு முன்பே தெருவில் அவனுக்குச் சாம்பியன் என்று பெயர். நக்கலாக வைத்த பெயர்தான், அவன் அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டான். ஒரு பெரிய டீம் ஆள் எடுக்கப் போகிறது, வீட்டிலிருந்தே ஆடிக் காட்ட வேண்டும், தேர்வானால் அவர்களே கூட்டிப் போய்த் தங்க வைத்து ஆட வைப்பார்கள் என்றான். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை.

இதில் குறுக்கே வந்து நின்றது அவனுடைய கம்ப்யூட்டர் மிஷினின் சூடு. கம்ப்யூட்டருக்குள் புராசஸர் என்று ஒரு சில்லு, அதுதான் மூளையாம். கம்பெனிக்காரன் அதற்கென்று ஒரு வேகம் வைத்து அனுப்புகிறான். அந்த வேகம் போதாதென்று இவன் அதை மேலே ஏற்றி வைத்திருந்தான். ஓவர்க்ளாக் என்று பெயர். வேகம் ஏறினால் கரண்டு ஏறும், கரண்டு ஏறினால் சூடு ஏறும். எங்கள் பேக்கரி முதலாளியும் இப்படித்தான் ஒரு நாள் அடுப்பை ஏற்றிப் பார்த்தார். ரொட்டி சீக்கிரம் வேகவில்லை, கருகியது. சில்லு அவ்வளவு முட்டாள் இல்லை. சூடு நூறு டிகிரியை நெருங்கினால் கருகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போது திரை திக்கித் திக்கி ஓடும். அந்த ஒரு நொடியில் எதிராளி இவனைச் சுட்டுவிடுவான்.

“எழுபதுல இருக்கணும்ப்பா. தொண்ணூத்தஞ்சுல கொதிக்குது” என்று ஹாலில் உட்கார்ந்து கத்துவான். தூசி ஊதினான், சில்லு மேல் தடவுகிற பேஸ்டை மாற்றினான், தண்ணீர் ஓடும் கூலர் மாட்டினான், விசிறி மேல் விசிறியாக வைத்தான். கோடை அதையெல்லாம் பார்த்துச் சிரித்தது.

மிஷினைக் கட்டிக் கொடுத்த கடைக்காரர் ஒரு நாள் வந்து பார்த்தார். “தம்பி, வேகத்தைக் கொஞ்சம் இறக்கு. வோல்டேஜையும் இறக்கித் தர்றேன். சடார்னு பத்து டிகிரி குறையும். ஆடும்போது உனக்கு வித்தியாசமே தெரியாது.”

“இறக்குறதுக்கா இந்தச் சிப்பை வாங்கினேன்? எல்லாரும் மேல ஏத்திட்டிருக்கான், நான் மட்டும் இறக்கிட்டு உக்காரணுமா?”

“அப்ப ரூமைத்தான் குளிர வைக்கணும்” என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லிவிட்டு அவர் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்பனும் மகனும் ஒரே நேரத்தில் அக்காவின் அறைக் கதவைப் பார்த்தார்கள். நான் முற்றத்தில் துணி பிழிந்துகொண்டிருந்தேன். கண்ணால் பார்த்தேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அக்காதான் வரச் சொன்னாள். “கொண்டாந்து வைடா. எனக்கும் பேச்சுத் துணையாச்சு” என்றாள். மிஷின் வந்து இறங்கியது. ஒரு பக்கம் கண்ணாடி, உள்ளே சிவப்பும் நீலமுமாக விளக்குகள். அக்கா கன்னத்தில் கைவைத்துப் பார்த்தாள்.

“நல்லா மினுக்கிட்டு வந்திருக்காடி என் மருமக” என்றாள். அன்றிலிருந்து அதற்கு மருமகள் என்றே பெயர் விழுந்துவிட்டது. நான் வேலை முடிந்து போனால், “என்னக்கா, மருமக எந்திரிச்சாச்சா?” என்பேன். “காலையிலயே எந்திரிச்சு என்கிட்ட மூச்சு விட்டுட்டு இருக்கா. வாய்க்காத்து வெந்நீர் மாதிரி இருக்கு” என்பாள். இரண்டு பேரும் சிரிப்போம்.

மருமகள் விட்ட வெந்நீர்க் காற்றில் அறைக் குளிர்ச்சி குறைந்தது. அக்காவுக்கு மதியத்தில் கால் கனக்க ஆரம்பித்தது. சாம்பியனுக்கோ வேறு கவலை. அக்கா பாத்ரூம் கதவைத் திறக்கும்போதெல்லாம் வென்டிலேட்டர் வழியே சூடும் ஈரமும் உள்ளே வருகிறதாம்.

“இப்பதானேம்மா போயிட்டு வந்தே?”

“மூத்திரம் உன்னைக் கேட்டுட்டா வரும்?”

“ஒரு தடவை திறந்தா மூணு டிகிரி ஏறுதும்மா. சொன்னா உனக்குப் புரியாது.”

அண்ணன் கிடங்கில் இருந்து குச்சி மாதிரி ஒரு தெர்மாமீட்டர் கொண்டுவந்து அறையில் அங்கங்கே நீட்டிப் பார்த்தார். முகம் தீவிரமாகிவிட்டது. வீட்டுக்குள்ளேயே தனக்குத் தெரிந்த வேலை ஒன்று கிடைத்துவிட்டதே! கிடங்கில் சட்டம் ஒன்றுதான்: கதவு திறக்கக் கூடாது. லோடு எடுப்பதற்கு நேரம் உண்டு, அந்த நேரத்தில் திறந்து அந்த நேரத்தில் மூட வேண்டும். அதே சட்டத்தை இங்கே போட்டார். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று.

“நான் என்ன மீன் பெட்டியா, நேரம் பாத்து வெளியே எடுக்க?” என்றாள் அக்கா.

“கொஞ்ச நாளைக்குத்தானே. பையன் வாழ்க்கை.”

அந்த இரண்டு வார்த்தைக்கு எதிர்வார்த்தை எந்தத் தாயிடம் இருக்கிறது? அக்கா தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டாள். உதடு வெடித்துப் போயிருந்தது. நான் கேட்டதற்கு, “தாகமே இல்லைடி” என்றாள்.

அடுத்து அண்ணன் செய்ததுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். ஏ.சி.யின் வாயில் இருந்து மிஷின் வரைக்கும் தகரத்தில் ஒரு குழாய் வளைத்து, மேலே பஞ்சு சுற்றி, வெள்ளி டேப் ஒட்டினார். டக்ட் என்றார். அறைக்குள் பரவிக்கொண்டிருந்த குளிர்காற்று மொத்தமும் நேராக மருமகளின் வயிற்றுக்குள் போனது. திரையில் எண் மளமளவென்று இறங்கியது. அறுபத்தெட்டு. சாம்பியன் அப்பனைக் கட்டிப் பிடித்துத் தூக்கினான். தெருப் பையன்கள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அக்காவும் கட்டிலில் இருந்து கை தட்டினாள். அவள் பக்கம் காற்று வரவில்லை என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் எல்லோருக்கும் உறைத்தது. உறைத்தது என்று சொல்வதே தப்பு, அவளுக்கு வியர்த்தது, அவ்வளவுதான்.

அந்த டக்ட்டில் ஒரு வில்லங்கம் இருந்தது. இவ்வளவு குளிர்ந்த இடத்தில் ஈரக்காற்று பட்டால் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். மிஷினுக்குள் தண்ணீர் நின்றால் கதை முடிந்தது. ஒரு நாள் அக்கா குளித்துவிட்டுக் கதவைத் திறந்தாள். பாத்ரூம் ஈரக்காற்று அறைக்குள் வந்தது. டக்ட்டின் வாயில் வியர்வை கட்டி ஒரு சொட்டு கண்ணாடி மேல் விழுந்தது. சாம்பியன் போட்ட சத்தம் என் அறைக்குக் கேட்டது.

“சாகடிச்சிருவே போலிருக்கே! ஒரு நாள் குளிக்கலேன்னா செத்தா போயிருவே?”

பெற்ற தாயைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? நான் ஓடிப் போனேன். அக்கா ஈரத் தலையோடு சுவரைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள். அண்ணன் பழைய பனியனால் மிஷினின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குச் சாயங்காலமே கட்டில் ஹாலுக்கு வந்துவிட்டது. போட்டி முடிகிற வரைக்கும்தான் என்றார்கள். ஒரு மேஜை விசிறி வைத்தார்கள். ஹால் ஜன்னலுக்கு வெளியேதான் ஏ.சி.யின் வெளிப்பெட்டி. உள்ளே இருக்கிற சூட்டையெல்லாம் உறிஞ்சி வெளியே துப்புகிற பெட்டி அது. அது துப்பியது நேராக அக்காவின் முகத்தில். மருமகளின் சூடு, அறையின் சூடு, எல்லாம் அந்த வழியாக வந்தது. என் அடுப்படிக்கும் அந்த ஜன்னலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எனக்காவது அங்கே சம்பளம் உண்டு.

“அண்ணே, அனல் அடிக்குது. பாக்கலையா நீங்க?” என்று கேட்டேன்.

“ஜன்னலைச் சாத்திடச் சொல்றேன்” என்றார்.

“சாத்துனா காத்து வராதே.”

“இங்க பாரும்மா. அந்தச் சிப்பு நூறைத் தொட்டா ஆட்டம் போச்சு, பையன் போச்சு. அவளுக்குக் கால் கொஞ்சம் மடங்கும், குளிர்ந்தா சரியாயிரும். எது தாங்கும், எது தாங்காதுன்னு பாத்துத்தானே உள்ள வைக்கணும்?”

முப்பது வருஷமாகச் சரக்குப் பிரித்த கை. கூசவில்லை.

கட்டில் ஹாலுக்கு வந்த பிறகு அறை வழியே பாத்ரூம் போவதும் நின்றது. அண்ணன் ஒரு கட்டு டயப்பர் வாங்கி வந்து கட்டிலின் ஓரத்தில் வைத்தார். அக்கா அதை எடுத்து அவர் மூஞ்சியில் எறிந்தாள்.

“எனக்குக் கால் இருக்கு. செத்தப்புறம் கட்டி விடுங்க.”

“எங்க வீட்டு பாத்ரூமுக்கு வாங்கக்கா” என்றேன் நான். முற்றத்தைத் தாண்டினால் என்னுடையது. அது முதல் அப்படித்தான் நடந்தது. நான் இருக்கும்போது கை பிடித்துக் கூட்டிப் போவேன். நான் இல்லாதபோது அடக்கிக்கொள்வாள். மத்தியானம் நான் கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டதுமே கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். நடை நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டு வந்தது. கால் தரையில் இழுபட்டது. “போட்டி முடியட்டும்டி. ரெண்டு நாள் குளிர்ல கிடந்தா ஓடுவேன் பாரு” என்று எனக்கே தைரியம் சொல்வாள்.

போட்டி நடந்த அன்று பேக்கரியில் பெரிய ஆர்டர். நான் திரும்ப நேரமாகிவிட்டது. வெயில் மண்டையைப் பிளந்தது. கேட்டைத் தள்ளினேன்.

முற்றத்துச் சிமெண்டில் அக்கா விழுந்து கிடந்தாள். என் வீட்டுப் பாத்ரூமுக்கும் அவள் வீட்டு வாசலுக்கும் பாதி வழியில். புடவை நனைந்திருந்தது. ஒரு கால் உடம்புக்கு அடியில் கோணலாக மடிந்திருந்தது. கன்னம் சிமெண்டில் பட்டுச் சிவந்து போயிருந்தது. வாய் அசைந்தது, சொல் வரவில்லை. நான் தொட்டதும் கண்ணைத் திறந்து, குழறிக் குழறி, “கூப்பிட்டேன்டி” என்றாள்.

நிழலுக்கு இழுக்கப் பார்த்தேன். தொட்டாலே அலறினாள். குழாயைத் திறந்து தலையிலும் காலிலும் தண்ணீர் ஊற்றினேன். பிறகு உள்ளே ஓடி அந்த அறைக் கதவை இரண்டு கையாலும் அறைந்தேன்.

“அண்ணே! அக்கா வெளிய விழுந்து கிடக்காங்க!”

உள்ளே இருந்து அண்ணனின் குரல் மெதுவாக வந்தது. கதவை ஒட்டியே நின்றிருக்கிறார். “தெரியும்மா. கூப்பிட்டா. கடைசி ரவுண்டு. ஒரு நிமிஷம் பொறுக்கச் சொன்னேன்.”

“பொறுக்கச் சொன்னீங்களா? எலும்பு போச்சு அவங்களுக்கு! திறங்க!”

“தட்டாதே, மைக்குல கேக்கும்.”

என் வாயில் என்னென்ன வந்ததோ தெரியாது. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பிறப்பைச் சொன்னேன், வளர்ப்பைச் சொன்னேன். கதவு திறக்கவில்லை. நான் திரும்பி ஓடி, குடை பிடித்து, அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். பக்கத்துத் தெருவில் ஆட்டோ ஓட்டுகிறவருக்குப் போன் போட்டேன். ஆட்டோ வந்து நின்ற பிறகுதான் உள்ளே சாம்பியன் “யெஸ்” என்று கத்துவது கேட்டது. அண்ணன் வெளியே வந்தார். ஓடித்தான் வந்தார், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் வந்தவர் முதலில் திரும்பி, அறைக் கதவைச் சாத்தி, இடுக்கில் கை வைத்துக் குளிர் கசிகிறதா என்று பார்த்து, அதன் பிறகுதான் முற்றத்தில் இறங்கினார். இந்த ஜென்மத்தில் அதை நான் மறக்க மாட்டேன்.

இடுப்பெலும்பு உடைந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்து கிடந்து எலும்பு கூடியது. நடை கூடவில்லை. “வீட்ல நடக்க விட்டீங்களா? சூடு படாமப் பாத்துக்கிட்டீங்களா?” என்று டாக்டர் கேட்டார். “ஏ.சி. ரூம்தான் சார்” என்றார் அண்ணன். வாய் கூசாமல் சொன்னார். பொய்யும் இல்லை, ரூம் ஏ.சி. ரூம்தான்.

சாம்பியன் தேர்வாகிவிட்டான். பெட்டி கட்டிக்கொண்டு போனான். போகும்போது மருமகளை எடுத்துப் போகவில்லை, அங்கே எல்லாம் அவர்களே கொடுக்கிறார்களாம். மருமகள் அணைந்து கிடந்த அறைக்கு அக்காவின் கட்டில் திரும்பியது. டக்ட்டைக் கழற்றி, ஏ.சி.யைப் பதினெட்டில் வைத்தார் அண்ணன். “இப்ப எல்லாக் காத்தும் உனக்குத்தான்” என்றார். குளிர் நன்றாகத்தான் இருந்தது. கால் இரண்டும் அந்தக் குளிரில் கட்டைபோலக் கிடந்தன. காலையில் அண்ணனும் மத்தியானம் நானும் அவளைத் திருப்பிப் போட்டுத் துடைக்கிறோம். துடைக்கும்போது அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொள்வாள்.

ஒரு நாள் அண்ணன் போனை நீட்டினார். டீம் போட்ட வீடியோ. புதிதாக வந்தவர்களைப் பேட்டி எடுத்திருந்தார்கள். சாம்பியன் புது பனியனில் பளிச்சென்று உட்கார்ந்திருந்தான். வீட்டில் இவ்வளவு சூட்டில் எப்படிச் சமாளித்தாய் என்று கேட்டார்கள். அப்பா செய்த டக்ட்டைப் பற்றிக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான்.

“ஒரு ரூம் முழுக்க மிஷினுக்கே கொடுத்துட்டோம். எங்க அம்மா ரொம்ப ஒத்துழைச்சாங்க” என்றான்.

இங்கேயும் ஓவர்க்ளாக் பண்ணுகிறாயா என்று அடுத்த கேள்வி. அவன் சிரித்தான். “இங்க யாரும் பண்றதில்ல. கம்பெனி வச்ச வேகத்துலயேதான் ஓடுது. உண்மையைச் சொன்னா ஆட்டத்துல பெரிசா ஒண்ணும் வித்தியாசம் தெரியல.”

நான் போனைப் பிடுங்கி எறியப் போனேன். அக்கா கையைப் பிடித்தாள். “இரு. இளைச்சுப் போயிட்டான் பாரு” என்றாள். அந்தத் தாய்ப்பாசத்தின் மேல்தான் எனக்கு அன்றைக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அந்த வீடியோவால் அண்ணனுக்குப் பெயர் பரவிவிட்டது. எங்கெங்கோ இருந்து பையன்கள் தேடி வருகிறார்கள். கிடங்கு வேலை முடிந்ததும் தகரமும் டேப்புமாகக் கிளம்பிவிடுகிறார். மனுஷர் முகத்தில் ஒரு களை வந்திருக்கிறது.

நேற்று ராத்திரி நான் அக்காவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே பேசினார்.

“இன்னிக்கு ஒரு வீடு பாத்தேன். சின்ன ரூம், டக்ட் அழகா உக்காரும். ஒரே தொந்தரவு, அந்தப் பையனோட தாத்தா அதுலதான் படுத்திருக்காரு. நெஞ்சு வலிக்காரர், அவருக்குன்னு போட்ட ஏ.சி. போல. பாத்ரூமுக்குப் போறதும் வர்றதுமா இருக்காரு. கதவு இப்படித் திறந்துட்டே இருந்தா நான் டக்ட் போட்டும் வேலைக்கு ஆகாதுன்னு பட்டுனு சொல்லிட்டேன். ஹாலுக்கு மாத்திடறோம்னாங்க.”

அக்கா வாயில் இருந்த கஞ்சியை மெதுவாக விழுங்கினாள்.

“அவரு நடக்குறாரா?” என்று கேட்டாள்.

“இப்போதைக்கு நடக்குறாரு” என்று சொல்லிவிட்டு அண்ணன் என்னிடம் உப்பைக் கேட்டார்.